சிதம்பரத்துல தபாஸ் கிடைக்குமா டாக்டர்?

"டாக்டர், மெடிட்டரேனியன் டயட் இதயத்துக்கு நல்லதுன்னு எல்லா யூடியூப் சேனல்லயும் சொல்றாங்க. நம்ம சிதம்பரத்துல அந்த மாதிரி ஓட்டல் ஏதாவது இருக்கா, இல்ல பாண்டிச்சேரிக்குத்தான் போகணுமா?"

இன்பாக்ஸில் ஒரு தம்பி கேட்டது. அவர் அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்து ஆறு மாதம் ஆகிறதாம். ரெண்டு வரியில் பதில் சொல்லி முடித்துவிடலாம்தான். ஆனால் இந்தக் கேள்விக்குள் நான் ரொம்ப நாளாகப் பேச நினைத்த இன்னொரு விஷயமும் இருக்கிறது. அதனால் கொஞ்சம் நீளமான பதிவு. காபி கலந்துகொண்டு வந்து உட்காருங்கள்.

முதலில் நான் சாப்பிட்ட கதை.

2022 ஆகஸ்டில் ஐரோப்பிய இதயவியல் கழகத்தின் மாநாடு ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனா நகரில் நடந்தது. போயிருந்தேன். பகல் முழுக்க ஏசி அரங்கில் ஸ்லைடு ஸ்லைடாகப் பார்த்துக் கண் எரிந்துபோய், சாயங்காலம் கிராசியா என்கிற பகுதியில் சும்மா நடந்தோம். டூரிஸ்ட் கூட்டம் குறைவான, குறுகலான தெருக்கள் உள்ள பழைய பேட்டை. வீட்டு வாசலில் பாட்டிகள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அப்படியே நம்ம ஊர் சந்நிதித் தெரு மாதிரி.

ஒரு முக்குல சின்னக் கடை. மொத்தம் ஏழு டேபிள் இருந்தால் அதிகம். கரும்பலகையில் சாக்பீஸால் எழுதிய மெனு, ஒரு எழுத்து புரியவில்லை. கடைக்கார அம்மாவுக்கு இங்கிலீஷ் வரவில்லை, எங்களுக்கு ஸ்பானிஷ் வரவில்லை. கையைக் காட்டிப் பேசிச் சமாளித்தோம். அவர் பாட்டுக்கு ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து டேபிள் நடுவில் வைத்துக்கொண்டே போனார். எல்லாமே சாசர் அளவுத் தட்டுகள். தக்காளியைத் தேய்த்து ஆலிவ் எண்ணெய் விட்ட ரொட்டி. வினிகரில் ஊறிய நெத்திலி. கீரையும் கொண்டைக்கடலையும் போட்டு வதக்கியது. பூண்டு மணக்கும் இறால். காரமான சாஸ் ஊற்றிய உருளைக்கிழங்கு (அவர்கள் காரம் என்று சொல்வதை நம் வீட்டுக் குழந்தைக்கே தைரியமாகக் கொடுக்கலாம், அது வேறு விஷயம்).

இதற்குத்தான் தபாஸ் என்று பெயர். 'தபா' என்றால் ஸ்பானிஷில் மூடி. ஒயின் கிளாஸில் ஈ விழாமல் இருக்க மேலே ஒரு துண்டு ரொட்டியை வைத்து மூடிக் கொடுத்தார்கள், அதிலிருந்து வந்த பெயர் என்று ஒரு கதை சொல்கிறார்கள். கதைதான். ஆனால் மதுவோடு சேர்த்துத் தரும் கொறிப்பு என்ற வகையில், தமிழ்நாட்டில் இதற்கு நேரடி மொழிபெயர்ப்பு 'சைட் டிஷ்'. சிரிக்காதீங்க, உண்மை அதுதான்.

இந்த இடத்திலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். "மெடிட்டரேனியன் டயட்ல ஒயின் உண்டாமே டாக்டர்" என்று கேட்பவர்கள் வருவார்கள். மதுவில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்தப் பகுதியை மட்டும் நாம் இறக்குமதி செய்ய வேண்டாம்.

சரி, கடைக்கு வருவோம். கடைசியாக அந்தம்மா ஒரு தட்டு கொண்டுவந்தார். கரிந்த வாசனை. ஒரு வாய் வைத்ததும் நானும் என்னோடு வந்த கடலூர் நண்பரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். "இது நம்ம கொத்சு ஆச்சேப்பா!"

அதன் பெயர் எஸ்கலிவாடா. கத்திரிக்காயையும் குடைமிளகாயையும் தணலில் சுட்டு, தோலை உரித்து, நீளநீளமாகக் கிழித்து, ஆலிவ் எண்ணெயும் உப்பும் சேர்ப்பார்கள். புளி இல்லை, தனியா இல்லை, பெருங்காயம் இல்லை. அதனால் கொத்சுக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் சுட்ட கத்திரிக்காயின் வாசனை எந்த ஊரில் இருந்தாலும் ஒன்றுதான்.

கத்திரிக்காய் ஆசியாக் கண்டத்துக் காய். நம் பக்கத்திலிருந்து பாரசீகம் போய், அரேபியர்கள் கையால் ஸ்பெயினுக்குப் போனது. பேரும் கூடவே போனது. வடமொழியில் வாதிங்கண, அரபியில் பாதிஞ்சான், ஸ்பானிஷில் பெரென்ஹேனா, போர்ச்சுக்கீசில் பெரிஞ்ஜெலா. அந்தப் போர்ச்சுக்கீசியர்கள் இந்தியாவுக்குக் கப்பலில் வந்தபோது அந்தச் சொல்லையும் திரும்பக் கொண்டுவந்தார்கள். அதுதான் நாம் இங்கிலீஷில் சொல்கிற 'பிரிஞ்சால்'. சிதம்பரத்துக்குப் பக்கத்திலேயே பரங்கிப்பேட்டை இருக்கிறது. பரங்கியர் என்றால் யார் என்று ஊர்ப்பெயரே சொல்லிவிடும். கொத்சில் போடுகிற மிளகாய்கூட அவர்கள் கொண்டுவந்ததுதான், அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. ஆக, கொத்சுச் சட்டிக்குள் ஒரு உலகச் சுற்றுப்பயணமே இருக்கிறது.

தெரியாதவர்களுக்காக: சிதம்பரம் கொத்சு என்பது கத்திரிக்காயைச் சுட்டோ எண்ணெயில் வதக்கியோ மசித்து, புளிக்கரைசலில் கொதிக்க விட்டு, தனியா, கடலைப்பருப்பு, காய்ந்த மிளகாய் வறுத்துப் பொடித்த பொடியைத் தூவி, நல்லெண்ணெயோடு இறக்குவது. நடராஜர் கோயிலில் சம்பா சாதத்துக்கு இதுதான் ஜோடி. வீட்டில் இட்லிக்கும் வெண்பொங்கலுக்கும். சுடணுமா வதக்கணுமா என்பதில் வீட்டுக்கு வீடு சண்டை உண்டு. நான் சுடுகிற கட்சி.

இப்போது மருத்துவத்துக்கு வருகிறேன்.

மெடிட்டரேனியன் டயட்டுக்கு ஆதாரமாக எல்லாரும் காட்டுவது ஸ்பெயினில் நடந்த பிரெடிமெட் ஆய்வு. இதய நோய் இன்னும் வராத, ஆனால் வர வாய்ப்பு அதிகமுள்ள 7,447 பேர், 55 முதல் 80 வயது. ஒரு குழுவுக்கு இந்த உணவுமுறையோடு ஆலிவ் எண்ணெய், இன்னொரு குழுவுக்கு இதே உணவுமுறையோடு தினம் 30 கிராம் கொட்டைப் பருப்புகள், மூன்றாவது குழுவுக்குக் கொழுப்பைக் குறைக்கச் சொல்லி ஆலோசனை. ஏறக்குறைய ஐந்து வருடத்தில் மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் இவற்றில் ஏதாவது ஒன்று வந்தவர்கள்: மூன்றாவது குழுவில் 100க்கு 4.4 பேர், எண்ணெய்க் குழுவில் 3.8, பருப்புக் குழுவில் 3.4.

"30% குறைந்தது" என்று தலைப்புச் செய்தி வந்தது இதை வைத்துத்தான். புள்ளியியல் கணக்கில் 30% சரிதான். நிஜத்தில் நூறு பேரில் ஒருவர் தப்பிக்கிறார் என்று புரிந்துகொண்டால் போதும். அது சின்ன விஷயம் இல்லை. அந்த ஒருவர் உங்கள் அப்பாவாக இருக்கலாம். ஆனால் மந்திரமும் இல்லை. இன்னொன்று, 2013ல் வந்த அந்தக் கட்டுரையை 2018ல் ஆசிரியர்களே திரும்பப் பெற்றார்கள். ஆட்களைக் குலுக்கல் முறையில் குழு பிரித்ததில் சில மையங்களில் குளறுபடி. திருத்தி மறுபடி கணக்குப் போட்டு வெளியிட்டார்கள், முடிவு ஏறக்குறைய அதேதான் வந்தது. இதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

இதில் நமக்கு எட்டாதது என்ன இருக்கிறது? பயறு, கொண்டைக்கடலை, கீரை, காய், மீன், கொஞ்சம் கொட்டைப் பருப்பு, நல்ல எண்ணெய். ஆலிவ் எண்ணெய் லிட்டர் விலையைப் பார்த்து மயங்கி விழ வேண்டாம். ஆலிவில் ஒலீயிக் அமிலம் 70% வாக்கில் இருக்கும். நம் நல்லெண்ணெயில் சுமார் 40%, மிச்சத்தில் பெரும்பங்கு இன்னொரு வகை நிறைவுறாக் கொழுப்பு. ரெண்டும் ஒன்று என்று சொல்ல மாட்டேன், நல்லெண்ணெயை வைத்து அந்த மாதிரி பெரிய ஆய்வு நடக்கவில்லை. ஆனால் பாமாயிலில் திரும்பத் திரும்பக் காயும் போண்டாவை விட்டு நல்லெண்ணெய்க்கும் கடலெண்ணெய்க்கும் வந்தாலே பாதிக் கிணறு தாண்டியாச்சு. பருப்புக்கு வேர்க்கடலை இருக்கிறது, நம் மாவட்டத்திலேயே பண்ருட்டி முந்திரி இருக்கிறது. 30 கிராம் என்பது ஒரு சின்னக் கைப்பிடி, டப்பா இல்லை. மீனுக்குக் கடலூர் துறைமுகம். அவர்கள் வினிகரில் போடும் நெத்திலி நமக்குக் குழம்பில் கிடக்கிறது. மத்தியும் அப்படித்தான், ஒமேகா-3 நிறைந்த மீன், விலையும் மலிவு.

நம் பிரச்சினை வேறு இடத்தில். 2025ல் வெளியான ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வின்படி இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் சுமார் 62% மாவுச்சத்திலிருந்து வருகிறது. கொத்சு நல்ல பொருள்தான், ஆனால் கொத்சு ஒரு கரண்டி, இட்லி ஆறு என்று சாப்பிட்டால் அது மெடிட்டரேனியன் இல்லை, மாவு டயட். அதையே திருப்பிப் போடுங்கள்: இட்லி ரெண்டு, கொத்சு ஒரு கிண்ணம், சுண்டல் ஒரு கிண்ணம்.

இவ்வளவு நேரம் சொன்னது பாதி. அந்தக் கடையில் நான் பார்த்துக்கொண்டே இருந்த ஒரு ஆளைப் பற்றி இன்னும் சொல்லவில்லை.

எண்பது வயது இருக்கும். தனியாக வந்தார், மேடைப் பக்கம் வழக்கமான ஸ்டூல் போலிருக்கிறது, நேராகப் போய் உட்கார்ந்தார். ஆர்டர் எதுவும் சொல்லவில்லை. அந்தம்மா ஒரு சின்னத் தட்டில் ஆலிவ், இன்னொன்றில் ரெண்டு துண்டு முட்டை ஆம்லெட் வைத்தார். பக்கத்தில் இருந்தவர்கள் அவரோடு ஏதோ வம்பளந்தார்கள். இவர்கள் தட்டிலிருந்து ஒரு இறால் அவர் தட்டுக்குப் போனது. முக்கால் மணி நேரம் இருந்தார். முழுச் சாப்பாடு என்று ஒன்றை அவர் முன்னால் வைத்திருந்தால் நிச்சயம் பாதியில் எழுந்திருப்பார். இப்படிக் கொறித்துக் கொறித்தே ஒரு நல்ல ராத்திரி உணவைச் சாப்பிட்டு முடித்திருந்தார்.

2010ல் யுனெஸ்கோ மெடிட்டரேனியன் உணவுமுறையைப் பண்பாட்டு மரபுகள் பட்டியலில் சேர்த்தபோது, சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவதை அதன் அடித்தளமாகவே எழுதியிருக்கிறார்கள். நாம் ஆலிவ் எண்ணெயை மட்டும் பிடித்துக்கொண்டோம்.

என் பெரியப்பா கதைக்கு வருகிறேன். அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன்.

வயது 74. பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெரியம்மா தவறி ஒன்றரை வருஷம். ஒரே பையன் அமெரிக்காவில். சிதம்பரத்தில் தனி வீடு. இருபது வருஷமாகச் சுகர், காலையும் ராத்திரியும் மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்த மாத்திரை.

போன வருஷம் ஒரு நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு எதிர்வீட்டுப் பையன் போன் பண்ணினான். "தாத்தா வாசல்ல உக்காந்து ஏதேதோ பேசுறாரு சார், சட்டையெல்லாம் நனைஞ்சிருக்கு." உடனே சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுக்கச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். வீட்டிலிருந்த குளுக்கோமீட்டரில் அந்தப் பையன் அதற்குள் பார்த்திருந்தான்: 48. எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. நாற்பத்தெட்டு என்பது ஆளைச் சாய்த்துவிடக்கூடிய எண்.

தெளிந்த பிறகு கேட்டேன்.

"நைட்டு என்ன சாப்ட்டீங்க பெரியப்பா?"

"சாப்ட்டேன்டா."

"என்ன சாப்ட்டீங்க?"

"பால் குடிச்சேன். ரெண்டு பிஸ்கட்."

"நேத்து?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. "உங்க பெரியம்மா போனதுலேர்ந்து ராத்திரி அடுப்பு பத்த வைக்க மனசு வரலடா. ஒரு ஆளுக்கு என்னத்த வைக்கிறது, என்னத்த திங்கிறது."

பையன் அங்கிருந்தே ஆப்பில் சாப்பாடு ஆர்டர் போட்டுவிடுகிறான். வருகிறது. பிரித்துப் பார்த்துவிட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிடுகிறார். நான் திறந்து பார்த்தபோது நாலு டப்பா இருந்தது. மாத்திரையை மட்டும் ஒரு நாள்கூட விடவில்லை, அதில் ரொம்ப ஒழுங்கு. சாப்பாடு இல்லாத வயிற்றில் கிளிமிபிரைடு போனால் என்ன ஆகும் என்பதற்கு அந்த 48 தான் பதில். இந்த வகை மாத்திரை நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்க்காது. கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். வயதானவர்களுக்கு, அதுவும் சிறுநீரகம் லேசாகத் தளர்ந்தவர்களுக்கு, இன்னும் நீண்ட நேரம்.

ராத்திரி மாத்திரையை மாற்றினேன். அது சுலபமான வேலை. பசியை எந்தச் சீட்டில் எழுதிக் கொடுப்பது?

வடக்கு வீதிப் பக்கம் ஒரு சந்தில் சாயங்கால டிபன் கடை ஒன்று உண்டு. பெயர் சொல்லவில்லை, ஏற்கெனவே இடம் கிடைப்பதில்லை. ஐந்து பெஞ்சு. அண்ணன் தோசைக்கல்லில், அக்கா பரிமாறுவது. ஒரு நாள் பெரியப்பாவைக் கட்டாயப்படுத்திக் கூட்டிப் போனேன். "எனக்கு ஒண்ணும் வேணாம், நீ சாப்பிடு, நான் சும்மா உக்காந்திருக்கேன்" என்றார். அக்கா கேட்கவே இல்லை. ஒரு சின்னக் கிண்ணத்தில் தட்டைப்பயறு சுண்டல் வைத்தார். அப்புறம் ஒரு கீரை வடை. ஒரே ஒரு இட்லி, மேலே கொத்சு. "பிடிச்சா சாப்பிடுங்க சார், இல்லன்னா வெச்சிடுங்க."

கொத்சைத் தொட்டு நாக்கில் வைத்தவர், "புளி கொஞ்சம் தூக்கல். உங்க பெரியம்மா இதுல பாதிதான் போடுவா" என்றார். குறை சொல்லிக்கொண்டே கிண்ணத்தைக் காலி பண்ணினார்.

மறுநாள் அவரோடு நாலு வீதியும் சுற்றி வாக்கிங் போகிற ரெண்டு நண்பர்களையும் சேர்த்துவிட்டேன். இப்போது மூணு பேருக்கும் ஏழு மணி என்றால் அந்தக் கடைதான். ஆளுக்கு ஒன்று ஆர்டர் பண்ணுவார்கள், எல்லாம் நடுவில். ஒரு அடை மூன்றாகப் பிய்யும். முதலில் எச்சில் பிரச்சினை வந்தது. நமக்கு இது சின்ன விஷயம் இல்லை. யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்பதற்கே இந்த மண்ணில் பெரிய சண்டை நடந்திருக்கிறது, சமபந்தி போஜனம் என்று தனியாகப் பெயர் வைத்து நடத்த வேண்டியிருந்த ஊர் இது. அக்கா ஆளுக்கொரு ஸ்பூனும் பொதுவுக்கு ஒரு கரண்டியும் வைத்துப் பிரச்சினையை முடித்தார். ஸ்பெயின்காரர்கள் யோசிக்காத ஏற்பாடு.

நாலு மாதத்தில் எடை 51லிருந்து 54. தாழ்சர்க்கரை மறுபடி வரவில்லை. ஹெச்பிஏ1சி 7.6, அவர் வயதுக்கு, தனியாக இருப்பவருக்கு, எனக்கு அது போதும். நாற்பது வயசுக்காரருக்கு வைக்கும் இலக்கை இவருக்கு வைத்தால் மறுபடி ராத்திரி ரெண்டு மணி போன்தான் வரும்.

எண்ணைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது இன்னொன்று. ஐப்பசி மழையில் ஒரு நாள் அவர் கடைக்குப் போகவில்லை. ஏழரைக்கு அக்கா போன் பண்ணியிருக்கிறார். எடுக்கவில்லை. கடைப் பையனை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். 102 டிகிரி காய்ச்சலில் படுத்திருந்தார். உலகத்தில் ஆறு பேரில் ஒருவர் தனிமையில் வாடுகிறார் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2025 அறிக்கை சொல்கிறது. அதற்கு என்ன மருந்து என்று என்னைக் கேட்டால், ஒரு வேளை வராவிட்டால் தேடுகிற கடை ஒன்று வேண்டும் என்பேன். பையன் வாங்கிக் கொடுத்த ஸ்மார்ட் வாட்ச் அன்று சார்ஜில் கிடந்தது.

இன்பாக்ஸ் தம்பிக்கு: அப்பாவைப் பாண்டிச்சேரிக்குக் கூட்டிப் போங்கள், தப்பில்லை, ஜாலியாக இருக்கும். தினசரிக்கு உங்கள் தெருமுனையே போதும். ரெண்டு மூணு பேராகப் போங்கள். முதலில் சுண்டல், காய், கொத்சு, முட்டை இதெல்லாம் வரட்டும். இட்லி, தோசை கடைசியில். 2015ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக மருத்துவர்கள், ஒரே சாப்பாட்டைக் காயும் புரதமும் முதலில், மாவுச்சத்து கடைசியில் என்று வரிசை மாற்றிக் கொடுத்துப் பார்த்தபோது ஒரு மணி நேரம் கழித்துச் சர்க்கரை 37% குறைவாக இருந்தது. வெறும் 11 பேரை வைத்துச் செய்த சின்ன ஆய்வு. ஆனால் செலவில்லாத யோசனை.

ஸ்டென்ட் வைத்தவர், பிரஷர் உள்ளவர் கடை ஊறுகாயையும் அப்பளத்தையும் தொட வேண்டாம், உப்பு ஏற்கெனவே போதுமான அளவு இருக்கும். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் பயறு, கீரை, கொட்டைப் பருப்பு அளவை உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில் பெரியவர்கள் தனியாக இருந்து சுகர் மாத்திரை போடுகிறார்கள் என்றால் இன்று போன் பண்ணும்போது "சாப்ட்டீங்களா" என்று கேட்காதீர்கள், "சாப்ட்டேன்" என்றுதான் பதில் வரும். "என்ன சாப்ட்டீங்க, யாரோட சாப்ட்டீங்க" என்று கேளுங்கள். ராத்திரி வியர்வை, நடுக்கம், குழப்பமான பேச்சு இருந்தால், அவர்கள் நினைவோடு விழுங்க முடிகிற நிலையில் இருந்தால், மூணு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துப் பதினைந்து நிமிடத்தில் மறுபடி சோதித்துப் பாருங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள்.

மாத்திரையை நீங்களாகக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம். பெரியப்பாவுக்கு நான் மாற்றியது பெரியப்பாவுக்கு மட்டும். சந்தேகம் இருந்தால் கமெண்டில் கேளுங்கள், ஓபி முடிந்ததும் பதில் எழுதுகிறேன். கடைப் பெயரை மட்டும் கேட்காதீங்க.